இசையல்லாத சத்தம் பற்றி மூன்று பக்கம்

பக்கத்து வீட்டுக்காரர் காலை ஒன்பதேகாலுக்கு முதல் இசைத்தட்டைப் போடுவார். சந்தையால் வந்து, மீனைக் கழுவி வைத்து, தேத்தண்ணி குடித்து முடிகிற நேரம் அது. எங்கள் இரண்டு வீடும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தன. உட்துறைமுகத்துக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த வீட்டை யாரோ சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். வைத்தவர் சுவரைக் கூரை வரை கொண்டுபோகவில்லை. மேலே ஒன்றரை அடி வெளி. அந்த வெளியால் அவருடைய மீன் பொரியல் வாசம் வரும், இருமல் வரும், ஒன்பதேகாலுக்கு அது வரும்.

வீட்டில் நாங்கள் ‘அது’ என்றுதான் சொன்னோம். முதலில் ஒரு சாக்சபோன் மூச்சு வாங்கும். வாசிக்காது, மூச்சு மட்டும் வாங்கும். பிறகு தகரக் கதவைத் தரையில் இழுப்பதுபோல ஒன்று தொடங்கும். மேளம் அடிப்பவர் சட்டி பானைகளைப் படியால் உருட்டிவிடுவார். ஆள் உயரத்து வயலின் ஒன்றை இன்னொருவர் வில்லால் அறுப்பார். மெட்டு என்று பிடிக்க ஒன்றும் இல்லை. பிடித்துவிட்டோம் என்று நாங்கள் நினைக்கிற இடத்தில் அதை வேண்டுமென்றே கைவிடுவார்கள். இப்படி ஒரு பக்கம் இருபது நிமிடம். பிறகு தட்டைத் திருப்பிப் போடுவார்.

அதே சுவரோடு தலை வைத்து என் அப்பா படுத்திருப்பார். வள்ளங்களுக்கு ஐஸ் கொடுக்கும் பக்டரி ஒன்றில் அப்பாவுக்கு இரவு வேலை. கட்டி கட்டியாக உறைந்த ஐஸைக் கொக்கியால் இழுத்து வந்து, அரைக்கும் மெஷினுக்குள் தள்ள வேண்டும். ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டு, எட்டுக்குப் படுத்தால் இரண்டு மணி வரை நித்திரை கொள்ள வேண்டும். எந்த மூலையில் பாயைப் போட்டாலும் ஒன்றுதான், கூரைக்குக் கீழே சத்தம் எல்லா இடமும் ஓடும். அம்மா அந்த வெளியைச் சாக்கால் அடைத்துப் பார்த்தா. சாக்கு, மீன் பொரியல் வாசத்தைக்கூட நிறுத்தவில்லை.

நான் அந்த மனிதரை வெறுத்தேன். இப்போது இருந்து எழுதும்போது பெரிய மனது காட்டி வேறு சொல் தேடப் போவதில்லை. கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து, காது பாதி கேளாமல் போய், தாய் தகப்பன் விட்டுப்போன அரை வீட்டுக்குத் தனியாகத் திரும்பி வந்தவர். கூட வந்தவை பதினொரு பெட்டிகள். வெளிநாட்டுச் சாமான் என்று ஒழுங்கையே எட்டிப் பார்த்தது. எல்லாம் தட்டுகள். ஒழுங்கையில் அவர் ஒருவரோடும் கதைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார், காலையில் சந்தைக்குப் போவார், மிச்ச நேரம் கதவைத் திறந்து வைத்துவிட்டு வெறும் பெனியனோடு கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பார்.

அவர் வந்து இரண்டாம் கிழமை அம்மா என்னை அனுப்பினா. எங்கள் வீட்டில் கதைக்கவேண்டிய இடங்களுக்கு நான்தான் போவேன். எழுத வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். வெருகல் பக்கத்தில் வயல் வேலை செய்த குடும்பம், அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார், அம்மா அதுவும் இல்லை. நான் பல்கலைக்கழகம் போய் பட்டம் எடுத்தவன். தண்ணீர் பில், வங்கிக் கடிதம், பக்டரி கொடுக்கும் சம்பளத் துண்டு, எதுவென்றாலும் அப்பா கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, நான் வாசித்துச் சொல்லும் வரை பக்கத்தில் நிற்பார்.

நான் போய்ப் படலைக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

“அங்கிள், சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க ஏலுமோ?”

“ஆ?”

“சத்தம். கொஞ்சம் குறைக்க.”

“ஏன்?”

“நான் படிக்கிறனான் அங்கிள். சோதினை வருது.”

“என்ன சோதினை?”

“நிர்வாக சேவை.”

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். “நிர்வாகம் செய்யப்போற ஆள் இதைவிடப் பெரிய கூச்சலெல்லாம் கேக்கவேணும் தம்பி. இப்பவே பழகிக்கொள்ளும்,” என்றார். உள்ளே போய் ஒரு நூல் அளவு குறைத்தார். நான் எங்கள் வாசலில் கால் வைக்கமுன் திரும்பக் கூட்டிவிட்டார்.

“அப்பா படுக்கிறதைச் சொன்னனியோ?” என்று அம்மா குசினியில் இருந்து கேட்டா.

“ஓம்,” என்றேன்.

அதன் பிறகு நான் ஒரு கொப்பி போட்டேன். வழக்கு என்று வந்தால் ஆதாரம் வேண்டும் என்பது எனக்குப் படிப்பு தந்த புத்தி. திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், சத்தத்தின் தன்மை. கதிரையைச் சுவரோடு போட்டு இருந்து எழுதினேன். ‘ஒன்பது பதினேழு: ஊதுகுழல் அலறல். ஒன்பது முப்பத்தொன்று: இரும்பு விழும் ஓசை, சிரிப்பொலி.’ ‘பத்து ஐந்து: நீண்ட மௌனம், சாதனம் நின்றுவிட்டதாகத் தோன்றியது, நிற்கவில்லை.’ ‘பத்து இருபது: ஒருவர் இருமுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, தட்டில் உள்ளவர்.’

கைபேசியில் தேடியும் வாசித்தேன். முன்கூட்டி எதையும் எழுதி வைக்காமல், அந்த இடத்தில் அந்த நேரம் மனதில் வருவதை வாசிப்பதாம். ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்று மற்றவருக்குத் தெரியாதாம். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். ஒரேயொரு தரம், எங்கோ ஒரு குளிர்நாட்டு மண்டபத்தில், யாருக்கும் முன்கூட்டித் தெரியாமல் நடந்தது, இங்கே எங்கள் ஒழுங்கையில் ஒவ்வொரு நாளும் அச்சுப்பிசகாமல் நடந்தது. அவருக்குப் பிடித்த தட்டு ஒன்று இருந்தது. செவ்வாயும் அதுதான், வியாழனும் அதுதான். பதினோராம் நிமிடத்தில் எல்லாம் அடங்கும். யாரோ கதிரையை நகர்த்துவார்கள். பிறகு சாக்சபோன் கழுத்தை நெரித்ததுபோல ஒரு அலறல் அலறும். அது எந்த நொடியில் வரும் என்று எனக்குப் பாடம். வாசித்தவனுக்கே தெரியாமல் வந்த அலறல் எனக்கு முன்கூட்டித் தெரிந்தது.

அப்பாவுக்கும் தெரிந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் கொப்பியோடு இருக்கும்போது பார்த்தேன். தட்டில் எல்லாம் அடங்கி மௌனம் வந்ததும், நித்திரையில் கிடந்த அப்பாவின் கை பாயைப் பிடித்தது. தோள் இறுகியது. கதிரை நகரும் ஒலிக்கே கண் திறந்துவிட்டார். அலறல் பிறகுதான் வந்தது. அது முடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார், பிறகு மறுபக்கம் திரும்பினார். ஊசிக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி உடம்பு தானாகக் காத்திருக்கப் பழகியிருந்தது.

அம்மா பேசிப் பார்த்தா. சுவருக்கு மேலால் அவ விட்ட ஏச்செல்லாம் பாதிக் காதுக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் பொறுமை கெட்டு உலக்கையை எடுத்துச் சுவரில் நாலு இடி இடித்தா. அந்தப் பக்கம் சத்தம் நின்றமாதிரி இருந்தது. பிறகு அவர் பக்கத்தில் இருந்து நாலு இடி வந்தது. அம்மா திரும்ப மூன்று இடித்தா. அவர் மூன்று இடித்து, கடைசியில் சும்மா ஒன்று கூட்டி இடித்தார். சாக்சபோனும் நடுவில் புகுந்து கத்தியது.

அம்மா உலக்கையைக் கீழே போட்டுவிட்டா. “விசர் மனுசன். நான் சண்டைக்கு இடிக்கிறன், அந்தாள் என்னோட சேந்து மேளம் அடிக்குது.”

அப்பா பாயில் எழுந்து இருந்து, “ரெண்டு பேருமா அடியுங்கோ. நான் கோயில் மண்டபத்தில போய்ப் படுக்கிறன்,” என்றார். போகவில்லை. பகலில் கோயில் மண்டபத்தில் படுத்தால் குடிகாரன் என்று நினைப்பார்கள் என்றார்.

பொலிசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் பிழை அங்கேதான் தொடங்கியது என்று அப்போது தெரியாது. ‘பாட்டைச் சத்தமாகப் போடுகிறார்’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் படித்தவன். ஒரு சொல்லைப் பாவிக்கமுன் அதன் பொருளைத் தீர்மானிக்க வேண்டும் என்று நினைப்பவன். ‘இசை என்று கொள்ளமுடியாத ஒலி’ என்று எழுதினேன். முறைப்பாட்டுப் புத்தகத்தோடு இருந்தவர் அதை இரண்டு தரம் வாசித்தார்.

“பாட்டு இல்லையோ?”

“இல்லை சேர்.”

“அப்ப வீட்டுக்குள்ள ஏதும் வேலை செய்யிறாரோ? வெல்டிங், ஒட்டு வேலை?”

“இல்லை சேர். தட்டுதான். ஆனா அதில இருக்கிறது பாட்டு இல்லை.”

“பாட்டுச் சத்தம் எண்டா நான் வந்து சொல்லலாம். வேலைச் சத்தம் எண்டா நகரசபை அலுவலகத்துக்குப் போகவேணும். நீங்க முதல்ல எது எண்டு முடிவெடுத்துப்போட்டு வாங்கோ.”

நகரசபை அலுவலகத்துக்குப் போனேன். தொழில் இரைச்சல் பற்றிய படிவத்தில் ‘இயந்திரத்தின் வகை’ என்று ஒரு கட்டம் இருந்தது. ‘இசைத்தட்டுக் கருவி’ என்று எழுதினேன். மேசையில் இருந்த அக்கா சிரிக்கவில்லை, அதற்கு இன்றுவரை நன்றி. “இது பாட்டுக் கேக்கிற சாமானெல்லே, தம்பி? பொலிசுக்குப் போங்கோ,” என்றா. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டு, “பாட்டெண்டு எழுதினா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?” என்றார்.

“அது பாட்டு இல்லையே அப்பா.”

“எனக்கும் தெரியும் இல்லையெண்டு. நித்திரையைத்தானே கேக்கிறம். அது பாட்டாயிருந்தா நான் நித்திரை கொள்ளுவனோ?”

அந்தக் கிழமை பக்டரியில் மேற்பார்வையாளர் அப்பாவைப் பிடித்தார். அப்பா ஐஸ் அரைக்கும் மெஷினுக்கு முன்னால் கொக்கியை ஊன்றிக்கொண்டு நின்றபடியே நித்திரையாகிவிட்டார். கட்டி ஒன்று வழுக்கி வந்து காலில் இடித்துத்தான் முழித்தார். கால் வீங்கியிருந்தது. மேற்பார்வையாளர் காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இன்னொருதரம் இப்படிக் கண்டால் வேலைக்கு வரத் தேவையில்லை, வெளியில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றாராம். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இதைச் சொன்னார். அம்மா கிணற்றடிக்குப் போனா. நான் கொப்பியை எடுத்து அன்றைய பக்கத்தைத் திறந்தேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஊரில் இப்படியான பிணக்குகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது. சனிக்கிழமைகளில் ஒரு பாடசாலையில் கூடும். வேலிப் பிரச்சினை, மாட்டுப் பிரச்சினை, ஏச்சுப்பேச்சு எல்லாம் அங்கேதான் தீரும். சட்டத்தரணி வரக்கூடாது, அவரவர் தாமே வந்து கதைக்க வேண்டும். அதற்கு நான் மூன்று பக்கம் எழுதினேன். மூன்று நாள் எடுத்தது. கொப்பியில் இருந்ததையெல்லாம் திரட்டினேன். சுருதி என்றால் என்ன, லயம் என்றால் என்ன என்று தொடங்கி, பிரதிவாதியின் தட்டுகளில் அவை இல்லை என்பதை நேரக் குறிப்புகளோடு நிறுவினேன். வளர்ந்துவரும் தலைமுறையின் கல்வி பாதிக்கப்படுவதைச் சொன்னேன். இவ்வளவு நல்ல தமிழ் நான் அதற்கு முன் எழுதியதில்லை என்று அப்போது நினைத்தேன்.

வீட்டுக்காரர் என்ற முறையில் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். பேனையைக் கொடுத்தேன்.

“எல்லாம் எழுதிட்டியோ?”

“ஓம் அப்பா.”

“வடிவா எழுதிட்டியோ?”

“ஓம்.”

மெதுவாக, எழுத்துக்கு எழுத்து, பெயரைப் போட்டார். பிறகு தாள்களைக் கையில் எடுத்துப் பாரம் பார்ப்பதுபோலப் பிடித்து, “மூண்டு பக்கம்,” என்று அம்மாவுக்குக் காட்டினார்.

அழைப்புக் கடிதம் அடுத்த வீட்டுக்குப் போன நாளில் இருந்து, மனு எழுதுகிறவன் என்று அவர் எனக்குப் பெயர் வைத்துவிட்டார். ஒழுங்கையில் கண்டால், “என்ன பெட்டிசம், சோதினைக்குப் படிக்கிறீரோ?” என்பார். தட்டின் சத்தத்தையும் கூட்டினார். காலை மட்டும் இருந்தது பின்னேரமும் ஆனது.

அந்தச் சனிக்கிழமை அப்பா படுக்காமல் வேலையால் நேரே பாடசாலைக்கு வந்தார். சேர்ட்டைப் பக்டரியிலேயே மாற்றியிருந்தார், கால் விரல்கள் ஈரத்தில் ஊறி வெள்ளையாக இருந்தன. வகுப்பறையில் பிள்ளைகளின் கதிரைகளில் இருந்தோம். மத்தியஸ்தர் மூன்று பேர். நடுவில் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், வலப்பக்கம் கிண்ணியாவில் கடை வைத்திருக்கும் ஹாஜியார் ஒருவர், இடப்பக்கம் முன்னாள் தபாலதிபர். பக்கத்து வீட்டுக்காரர் மடிப்புக் கலையாத சேர்ட் போட்டு, கக்கத்தில் ஒரு தட்டின் உறையோடு வந்திருந்தார்.

ஆசிரியை என் மனுவைச் சத்தமாக வாசித்தா. பக்கத்து வீட்டுக்காரர் காதைக் கையால் குவித்துக் கேட்டார்.

“‘மேற்படி ஒலியானது சுருதி, லயம், மெட்டு ஆகிய எதனையும் கொண்டிராமையால், இசை எனும் வரைவிலக்கணத்துள் அடங்காது...’”

“அதில பிழையில்லை,” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். “மெட்டு இல்லைதான். வேண்டாம் எண்டுதான் வாசிக்கிறாங்கள்.”

ஹாஜியார் என்னைப் பார்த்தார். “தம்பி, இது பெட்டிசமா, புத்தகமா?”

வகுப்பறைக்கு வெளியே முறைக்குக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கைபேசியில் பதிந்து வைத்திருந்ததைப் போட்டுக் காட்டினேன். பதினோராம் நிமிடத்து அலறல் அந்தச் சின்னக் கருவிக்குள்ளால் கொசு மாதிரி வந்தது. பாயில் புரளும் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. தபாலதிபர், “பெரிசாக் கேக்கேல்லையே,” என்றார்.

ஆசிரியை தொடர்ந்து வாசித்தா. அப்பா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு பந்தி தொடங்கும்போதும் அவர் தலை கொஞ்சம் நிமிர்ந்தது, முடியும்போது இறங்கியது. தன்னுடைய இடம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு எனக்கு அவரைப் பார்க்க முடியவில்லை. மூன்றாம் பக்கம் முழுவதையும் நான் கரும்பலகையில் யாரோ அழிக்காமல் விட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். அவர் அதில் இல்லை. ஐஸ் பக்டரி இல்லை. இரவு வேலை என்ற சொல் இல்லை. மேலே தொழில் என்ற இடத்தில் ‘தனியார் நிறுவன ஊழியர்’ என்று எழுதியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடமும் எல்லாப் படிவத்திலும் அப்படித்தான் எழுதினேன், கை பழகிவிட்டது. கை பழகியது என்று சொல்வதும் பொய்தான். இரவிரவாக வள்ளங்களுக்கு ஐஸ் தள்ளுகிறவரின் மகன் என்று, படித்த ஆட்கள் இருக்கும் மேசைக்கு முன்னால் வாசிக்கப்பட நான் விரும்பவில்லை.

“நீங்க சொல்லுங்கோ,” என்று ஆசிரியை பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டா.

“பெடியன் படிக்கிறான் எண்டு வந்து சொன்னான், டீச்சர். நான் யன்னலால கண்டனான், அவன் படிக்கேல்லை. சுவரோட கதிரையைப் போட்டுக்கொண்டு என்ர தட்டைக் கேட்டுக் கேட்டு எழுதிறான். ஒவ்வொரு இருமலும் இதில இருக்கு. நாலு மாதமா எனக்கு ஒரு ரசிகன் இருக்கிறான் எண்டெல்லோ நான் நினைச்சன். படிப்பைக் குழப்பிறனெண்டா, முதல்ல அவன் புத்தகத்தை எடுக்கட்டும்.”

திரும்பவும் சிரித்தார்கள். ஹாஜியார் சிரிக்கவில்லை. அவர் அப்பாவின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணன், நீங்க ஒண்டும் பேசல்ல. என்ன தொழில் நீங்க?”

அப்பா எழுந்தார். எழத் தேவையில்லை என்று ஆசிரியை கையைக் காட்டினா, அவர் நின்றுகொண்டே சொன்னார்.

“ஐஸ் பக்டரியில ராவு வேலை ஐயா. விடிய வந்து பகல்லதான் படுக்கிறனான். எட்டுக்கும் ரெண்டுக்கும் இடையில. நித்திரை இல்லாம மெஷினுக்கு முன்னால நிக்க ஏலாது. வேலையால நிப்பாட்டப்போறம் எண்டு சொல்லிப்போட்டாங்கள்.”

பக்கத்து வீட்டுக்காரர் காதைக் குவித்த கையை எடுக்காமல், “என்ன? என்ன வேலை?” என்று கேட்டார். அப்பா திரும்பவும் சொன்னார், சத்தமாக. காதில் இருந்த கை மெல்ல மடிக்கு இறங்கியது.

ஆசிரியை தாள்களை முன்னும் பின்னும் புரட்டினா. “இது இதில இல்லையே.”

“இது ஏன் இதில இல்லை?” என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னைக் கேட்டார். முதல்தரமாகப் பெட்டிசம் என்று சொல்லாமல் கேட்டார், அது இன்னும் மோசமாக இருந்தது. “டேய், நான் எஞ்சின் ரூமில ராவு முறை வோச் பாத்தவன். பகல் படுக்கிறவன்ர கதவுக்கு முன்னால கப்பல்ல செருப்புக்கூடப் போடமாட்டம். ஒரு சொல்லுச் சொன்னியாடா நீ? சுருதி, லயம் எண்டு மூண்டு பக்கம் எழுதினாய். ஒரு சொல்லு?”

தபாலதிபர் பேனையை எடுத்தார். எட்டு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில் தட்டுப் போடுவதில்லை, மற்ற நேரங்களில் அளவான சத்தம். இரண்டு பக்கமும் கையெழுத்து. ஐந்து நிமிடம் எடுக்கவில்லை. அப்பா தன் பெயரை எழுத்துக்கு எழுத்துப் போடும் வரை எல்லோரும் காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்த உறையை ஒருவரும் பார்க்கக் கேட்கவில்லை. அதைத் திரும்பக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய், படியில் அப்பாவின் வீங்கிய காலைக் குனிந்து பார்த்து ஏதோ கேட்டார். அப்பா ஏதோ சொன்னார். இரண்டு பேரும் ஒரே ஓட்டோவில் ஏறினார்கள். மூன்றாம் ஆளுக்கு இடம் இருந்தது. நான் நடந்து வந்தேன்.

வீட்டில் அப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் ஏதும் சொல்லியிருப்பேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, தண்ணீரைப் பார்த்தபடி, “உன்ர மூண்டு பக்கத்தில எனக்கு ஒரு வரி இல்லாமப் போச்சே,” என்றார். அம்மா என்னைப் பார்த்தா. அப்பா படுக்கப் போனார்.

அன்றிலிருந்து காலையில் அந்தப் பக்கம் மீன் பொரியும் சத்தம் மட்டும். அப்பா நன்றாக நித்திரை கொண்டார். கால் வீக்கம் வற்றியது. பக்கத்து வீட்டுக்காரர் இரண்டரைக்குத் தட்டுப் போட்டார், நானும் கேட்டேன், கேட்காமல் இருக்க வழியில்லை. எனக்கு அது பிடித்துவிட்டது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். பிடிக்கவில்லை. இன்றைக்கும் பிடிக்கவில்லை. தகரத்தை இழுக்கிற சத்தம் தகரத்தை இழுக்கிற சத்தம்தான்.

இரண்டு கிழமை கழித்து பக்டரியில் இருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா அதைச் சேர்ட் பையில் வைத்துக்கொண்டு வந்தார், உறையின் மூலை வெளியே தெரிந்தது. நான் மேசையில் இருந்து கையை நீட்டினேன். அவர் அதைக் காணாதவர்போலக் குளிக்கப் போனார். கடிதம் சேர்ட் பையிலேயே ஆணியில் தொங்கியது. நான் எடுத்து வாசித்திருக்கலாம். எடுக்கவில்லை.

இரண்டு மணிக்கு எழுந்து, சேர்ட்டைப் போட்டு, தலை சீவிக்கொண்டு வெளியே போனார். பக்கத்து வீட்டுப் படலை திறக்கும் சத்தம் கேட்டது. கதிரை இழுபட்டது.

பாதிக் காதுக்காரர் எதையும் மெல்லச் சொல்லத் தெரியாதவர். கடிதம் முழுவதையும் சுவருக்கு மேலால் நான் கேட்டேன். வேலை நேரத்தில் நித்திரை கொண்டதற்குக் காரணம் காட்டச் சொல்லியிருந்தார்கள். ஒரு கிழமைக்குள் கூட வந்த படிவத்தில் எழுத்தில் பதில் வேண்டும். அம்மா குசினிக்குள் வேலையை நிறுத்திவிட்டா.

“எழுதுவம்,” என்றார் அவர். “பக்கத்து வீட்டு மனுசன் சத்தம் போட்டதால பகல் நித்திரை இல்லை, இப்ப அது நிண்டுட்டுது எண்டு எழுதிறன். கீழ என்ர கையெழுத்தையும் வைக்கிறன், சாட்சிக்கு. சரியோ?”

“ஓம்.”

“இதில தொழில் எண்டு ஒரு இடம் இருக்கு. என்னெண்டு போட?”

அப்பா யோசித்தது எனக்குக் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம்தான், ஆனால் கேட்டது.

“ஐஸ் தள்ளுறது எண்டு போடுங்கோ.”

“சத்தமாச் சொல்லுங்கோ.”

அப்பா சத்தமாகச் சொன்னார். நான் மேசையில் இருந்தேன். அவர்கள் எழுதி முடிய வெகு நேரம் எடுத்தது. இரண்டரை தாண்டியும் அன்றைக்குத் தட்டுப் போடவில்லை.